பின்னால நின்னு பாக்க ஒரு ஆளு

ஏனுங்க, அந்த மஞ்ச வேன் உங்களுதுங்களா? பள்ளிக்கூடத்துக்கு ஓட்டறீங்களாட்ட இருக்குது. அப்பச் சரி, எனக்கு அடுத்தாப்ல நீங்கதான். முன்னால பதினோரு வண்டி நிக்குது, பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னும் வந்தபாடில்லை. அங்க வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, இப்படி என்ற வண்டி நெழலுக்கு வாங்க. உக்காருங்க. ஆனா சாஞ்சுறாதீங்க, பெயிண்ட்டு புதுசு.

பாத்தீங்களா, நீங்களும் சொல்றீங்க! வந்து நின்னதுலருந்து நாலு பேரு கேட்டுட்டாங்க, எங்க குடுத்து அடிச்சீங்கன்னு. எங்கயும் குடுக்கலீங்க. நானே அடிச்சது. வண்டி ஓடறதுக்கு லாயக்குன்னு எஃப்.சி. வாங்கக் கொண்டாறோம்னா பெயிண்ட்டு அடிச்சுத்தானே ஆகோணும். எல்லாருந்தான் அடிக்கறாங்க. அதா, அந்த டெம்போவைப் பாருங்க, கண்ணுக்குத் தெரியற எடத்துல மட்டும் பூசிட்டு வந்திருக்கறான். குனிஞ்சு பாத்தா அடியில துருவாக் கெடக்கும். நான் அப்படியில்லீங்க. இந்தப் பிக்கப்புக்குப் பத்தொம்பது வயசாச்சு. ஆனா அடியில படுத்துப் பாருங்க. சேஸு, குறுக்குச் சட்டம், போல்ட்டுத் தலை, ஒண்ணை விடலை. எல்லாத்துக்கும் ரெண்டு கோட்டு. குண்டடத்துல கேட்டுப் பாருங்க, குழந்தைவேலு வண்டின்னா தனியாத் தெரியும்பாங்க.

வண்டில ஒரு கொறை கெடையாதுங்க. ஒரே ஒரு பிரேக் லைட்டு. அதுவும் வண்டியோட கொறையில்லை, என்ற மச்சினன் பண்ணி வெச்ச கொறை. அதைச் சொன்னா உங்களுக்கே வயிறெரியும். நேரந்தான் கெடக்குதே, கேளுங்க.

பெயிண்ட்டு அடிச்ச மூணாம் நாள் தக்காளி ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் போறேன். பின்னால வந்த லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே பக்கத்துல வந்து, "யோவ், லைட்டே எரியாம பிரேக்கைப் போடறயே, சாகறதுக்கா?"ன்னு கத்திட்டுப் போறான். எனக்கு ஒண்ணும் ஓடலை. ஓட்டறவனுக்கு பிரேக் லைட்டு எரியுதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்? அமுக்கறது நாம, பாக்கறது பின்னால வர்றவன். வண்டில வேற எந்தச் சாமானத்துக்கும் இந்தத் தொந்தரவு இல்லை. இந்தக் கெரகம் புடிச்ச லைட்டுக்கு மட்டும் பின்னால நின்னு பாக்க ஒரு ஆளு வேணும்.

வீட்டுக்கு வந்ததும் ருக்குமணியைக் கூப்பிட்டேன். என்ற சம்சாரமுங்க. "இந்தா அம்மிணி, பின்னால போயி நில்லு, நான் அமுக்கறேன், எரியுதான்னு சொல்லு"ன்னேன். நின்னு பாத்துட்டு "எரியலீங்க"ன்னா. நல்லாப் பாருன்னேன். "நல்லாத்தானுங்க பாக்கறேன்"ங்கறா. வெயில்ல தெரியாது, நெழல் கட்டிப் பாருன்னு சொன்னேன். முந்தானையை லைட்டு மேல கொடையாட்டப் புடிச்சுக்கிட்டு, தலையை உள்ள விட்டுப் பாத்தா. அப்பவும் எரியலைங்கறா! அலுத்து வந்தவனுக்கு நல்ல வார்த்தை ஒண்ணு வருதா பாருங்கன்னு எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு.

சரின்னு நானே எறங்கினேன். ரெண்டு பக்கமும் பல்பு மாத்தினேன். ஃபியூஸைப் புடுங்கிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துது. இருந்தாலும் மாத்தினேன். பெடலுக்கு மேல சுவிட்ச் ஒண்ணு இருக்குமல்லங்க, கால் வெச்சா லைட்டுக்குக் கரண்ட்டை விடறது, அதையும் மாத்தினேன். ஒவ்வொண்ணு மாத்தறப்பவும் ருக்குமணி பின்னால நிப்பா. ஒவ்வொரு தரமும் "எரியலீங்க." அதுல ஒரு கூத்து பாருங்க, வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டா அந்தப் பிரேக் லைட்டு மினுக்கு மினுக்குங்குது. பிரேக்கை அமுக்கினா நம்பர் பிளேட்டு லைட்டு மங்கலா எரியுது. வண்டிக்குப் பேய் புடிச்சுருச்சான்னு பாத்தேன்.

அப்பத்தான் அவ சொன்னா, "சென்னியப்பனைக் கூப்புடலாமுங்க"ன்னு.

சென்னியப்பன் அவ தம்பி. தாராபுரம் ரோட்டுல வண்டிகளுக்கு வயரிங் பாக்கற கடை வெச்சிருக்கறான். வேலைக்காரன்தான், இல்லைங்கலை. லாரிக்காரங்க தேடி வருவாங்க. ஆனா எனக்கு என்னமோ மச்சினனைக் கூப்பிட்டு, என்ற வண்டியைப் பாருடான்னு நிக்கறது புடிக்காதுங்க. இருவது வருசமா வண்டி ஓட்டறேன், எனக்குத் தெரியாததா? சரி, ஆசையாச் சொல்றாளேன்னு விட்டேன்.

ஒரு புதங்கெழமை வந்தான். கையில ஒரு பல்பு, அதுல ரெண்டு வயரு, அவ்வளவுதான் சாமானம். அதை வெச்சுக்கிட்டு அங்க தொட்டான், இங்க தொட்டான். பத்து நிமிசம் இருக்காது. "மாமா, கரண்ட்டு லைட்டு வரைக்கும் ஜம்முனு வருது. எர்த்துதான் இல்லை. வந்த கரண்ட்டு திரும்பிப் போக வழியில்லாமத்தான் கண்ட லைட்டுலயும் பூந்து மினுக்குது. வயரு பாடியோட சேர்ற எடத்துல பெயிண்ட்டு அடிச்சுட்டீங்க"ன்னான். சொன்னவன் சொன்னதோட இருந்தானா? ஒரு வார்த்தை கேக்கலீங்க. போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாளை எடுத்து, பரக்கு பரக்குன்னு தேய்ச்சுப்போட்டான்! கண்ணாடியாட்டக் கறுகறுன்னு இருந்த எடம், கட்டைவெரல் அகலத்துக்கு வெளுத்துப் போச்சு.

எரிஞ்சுது. அதை மறைக்கலை. நான் அமுக்கறேன், "எரியுதுங்க, எரியுதுங்க!"ன்னு ருக்குமணி கையைத் தட்டிக் குதிக்கறா. அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே சிரிப்பு. சுரண்டினது என்ற பெயிண்ட்டை. நான் என்னத்தைச் சிரிக்கறது?

மறுநாள் வியாழக்கெழமை. அந்தச் சொட்டையைப் பாக்கப் பாக்க மனசு கேக்கலீங்க. எஃப்.சி.க்கு நிக்கறப்போ பிரேக் இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பாத்தா என்ன நெனைப்பாரு? டப்பால மிச்சம் இருந்துது. அரைகுறையாப் பூசறதுதான் நமக்கு ஆகாதே. போல்ட்டைக் கழட்டி, வயரை ஒதுக்கி, எடத்தைத் தொடைச்சு, ரெண்டு கோட்டு அடிச்சேன். போல்ட்டையும் வயரு நுனியையும்கூட விடலை, துரு ஏறிறக் கூடாதல்லங்க? நல்லாக் காய வெச்சு மறுபடி முடுக்கினேன். சுரண்டின தடமே தெரியலை. துணி காயப்போட வந்த ருக்குமணி பாத்துட்டா. "அவன் எதுக்கோ சுரண்டியிருப்பான், அது மேல அடிக்காதீங்க"ன்னா. போயி சோத்துக்கு வழியைப் பாருன்னேன். வயரைப் பத்தி அவளுக்கு என்னங்க தெரியும்?

அடுத்த நாள் வெள்ளிக்கெழமை. சென்னியப்பன் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற மெஷின் ஒண்ணு ஈரோட்டுல வாங்கியிருந்தான். மாமா, உங்க வண்டில கொண்டாந்துரலாமான்னான். மச்சினனாச்சே, முடியாதுன்னா சொல்லுவேன்? ஏத்திக்கிட்டு வாரேன். காங்கயம் வரைக்கும் பைக்குல முன்னால போனவன், கயிறு கழண்டுறப் போகுதுன்னு அப்புறம் பின்னாலயே வாரான். ஒட்டிக்கிட்டு வாரான். தள்ளி வாடான்னு ஜன்னல்ல கையைக் காட்டினேன். "லைட்டுத்தான் சரி பண்ணியாச்சே மாமா, நீங்க போங்க"ன்னு சிரிக்கறான். எல்லாம் அவன் சுரண்டின தைரியம்.

காங்கயம் தாண்டி ஆட்டுக்குட்டி ஒண்ணு குறுக்கால ஓடியாந்துது. சடக்குன்னு பிரேக்கை அமுக்கினேன். பின்னால டமார்னு ஒரு சத்தம். அய்யோ சாமின்னு எறங்கி ஓடினா, பின்கதவுல ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அவன் ரோட்டோரமா உக்காந்திருந்தான். வலது மணிக்கட்டு கோணிக்கிட்டுத் தொங்குது. வலின்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. "லைட்டு எரியலை மாமா, லைட்டு எரியவே இல்லை"ன்னு திருப்பித் திருப்பி அதையே சொல்றான்.

நீங்களே சொல்லுங்க. லைட்டைச் சரி பண்ணினது யாரு? அவன்தானே? ரெண்டு நாள் நிக்காத வேலையைப் பாத்துப்போட்டு, அதை நம்பி அவனே வந்து முட்டினா அதுக்கு நானாங்க பொறுப்பு? ஆஸ்பத்திரில சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேரும் நிக்கறாங்க. அவங்க முன்னாலயே கேட்டேன், "நீ பாத்த லட்சணந்தானேடா இது?"ன்னு. குனிஞ்சுக்கிட்டு, "எப்படி விட்டேன்னு தெரியலையே மாமா, நல்லாத்தானே தேய்ச்சேன்"ங்கறான். தப்புப் பண்ணாதவன் எதுக்குங்க தலை குனியறான்?

வண்டி ஸ்டாண்டுலயும் நான் மறைக்கலை. நம்ம ஆளுகளை உசார்படுத்தோணுமல்லங்க? அவன்கிட்ட வயரிங்குக்குக் குடுக்காதீங்கப்பா, நம்பிப் போனா உசுருக்கு ஆபத்துன்னு சொல்லிப்போட்டேன். வேணும்னு சொல்லலீங்க, நடந்ததைச் சொன்னேன். வழக்கமா வர்ற ரெண்டு லாரிக்காரங்க வேற கடைக்குப் போயிட்டாங்களாம். கடையே இப்போ சாத்தித்தான் கெடக்குது. கைக்குள்ள கம்பி வெச்சிருக்கறாங்க. சின்னச் சின்ன வயரைப் புடிச்சு முறுக்கற கையல்லங்க, முன்னாட்ட வருமான்னு டாக்டரே உறுதியாச் சொல்லலையாம். பாவந்தான். எனக்கு மட்டும் வருத்தமில்லைங்கறீங்களா?

ஆனா ருக்குமணி பண்ணினதைக் கேளுங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னையத் தனியாக் கூப்பிட்டா. "அவன்கிட்ட நீங்களே சொல்லிருங்க"ன்னா. என்னத்தைச் சொல்றதுன்னேன். என்ற மூஞ்சியையே பாத்தா. "நான் சொல்ல மாட்டேன். உங்க வாயில வரோணும். அது வர்ற வரைக்கும் நான் உங்க வீட்டுக்கு வர மாட்டேன்"னு சொல்லிட்டு, தம்பியோட ஆட்டோவுல ஏறினவதான். இன்னையோட நாப்பத்தோரு நாளாச்சு. அவ நம்பருக்குப் போட்டா எடுக்கறதில்லை. என்னத்தைச் சொல்லச் சொல்றான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலீங்க.

வீட்டுக்குள்ள போனா வெறிச்சுன்னு இருக்குது. உலை வெச்சா ஒத்தை ஆளுக்கு எவ்வளவு அரிசி போடறதுன்னே தெரியலை. சோறு எறங்கறதில்லீங்க. அவ இல்லாம எனக்கு ஆகறதில்லை, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. காலைல வண்டியை எடுக்கறப்போ, பழக்கத்துல "ருக்குமணி, பின்னால பாரு"ன்னு கூப்பிட்டுப் போடறேன். பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கறாங்க.

நடுவுல வேறொரு ஆளுகிட்டயும் கொண்டுபோயிக் காட்டினேன். அவனும் எர்த்துங்கறான், அவனும் உப்புத்தாளை எடுக்கறான். கையை எடுறான்னு வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் ஒரே புத்தி.

இப்போ எப்படி எரியுதுங்கறீங்களா? அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கறேன். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு கட்டையைக் குடுத்துட்டு, பின்னால போயி லைட்டு மேல ஓங்கி ஒரு தட்டு. சில சமயம் எரியுது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன், தப்பா நெனைக்காதீங்க. இன்ஸ்பெக்டர் "பிரேக்கைப் புடி"ம்பாரு. நான் சீட்டுல இருப்பேன். நீங்க சும்மா நிக்கறாப்ல நின்னுக்கிட்டு, அந்த எடது பக்கத்து லைட்டு மேல கையால ஒரு தட்டு தட்டினீங்கன்னாப் போதும்.

இந்த எஃப்.சி. எனக்கு லோடு ஓட்டறதுக்கு மட்டும் இல்லீங்க. லைட்டு நல்லாருக்குதுன்னு பிரேக் இன்ஸ்பெக்டரே எழுதிக் குடுத்துட்டாருன்னா, அப்புறம் எவன் என்ன பேசறது? அந்தப் பேப்பரைக் கொண்டுபோயி மாமனார் வீட்டு நடுவாசல்ல வெச்சு, பாரு, என்ற வண்டில ஒரு கொறையும் இல்லைன்னு சர்க்காரே சொல்லியாச்சு, கெளம்பு போலாம்னு கூப்புடுவேன். அதுக்கு மேல அவ என்ன சொல்லுவா?

வாங்க, ஒருக்கா ஒத்திகை பாத்துரலாம். நான் ஏறி அமுக்கறேன். நிக்கறீங்களா? எரியுதுங்களா?

எரியலையா? தட்டிப் பாருங்க. நல்லா ஓங்கித் தட்டுங்க. அப்பவுமா? நீங்களுமா "எரியலை"ங்கறீங்க?

ஏனுங்க, எதுக்கு வண்டிக்கு அடியில போறீங்க? பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரா? இருக்குது, எதுக்கு? அந்தப் போல்ட்டைத் தொடாதீங்க. அட, சொன்னாக் கேளுங்க. உப்புத்தாளை உங்க வண்டிலயே வெச்சிருக்கறீங்களா? நீங்களும் அந்தக் கூட்டந்தானா? வேண்டாமுங்க, அங்க ரெண்டு கோட்டு... அய்யோ, இன்ஸ்பெக்டர் ஜீப்பு வந்துருச்சு. சரி, சுரண்டுங்க. போனாப் போகுது. கொஞ்சமாச் சுரண்டுங்க. வயரு நுனியையுமா?

அமுக்கறேன். எரியுதுங்களா?

எரியுதா! ரெண்டு பக்கமுமா? சத்தமாச் சொல்லுங்க. அப்பாடா! தெய்வமே! உங்க பிள்ளை குட்டிக நல்லா இருக்கோணும்!

என்னங்க கேக்கறீங்க? அந்த எடத்துல எப்போ பெயிண்ட்டு அடிச்சேனா? வியாழக்கெழமைன்னுதான் சொன்னனே. அவன் விழுந்தது வெள்ளிக்கெழமை. ஆமா. மறுநாள்தான்.

அதுக்கென்ன இப்போ? எதுக்கு என்னையவே பாக்கறீங்க?

கையில ஸ்பேனரை வெச்சுக்கிட்டு நிக்காதீங்க, முன்னால நின்ன பதினோரு வண்டியையும் மளமளன்னு முடிச்சுட்டு இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு. வணக்கமுங்க சார். புடிச்சிருக்கறேன் சார். இண்டிகேட்டர் சார், போடறேன் சார். ஆரன் சார். நானே அடிச்ச பெயிண்ட்டு சார். சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்.

பாத்தீங்களா, ஒரு கேள்வி கேக்கலை. டிக் அடிச்சுட்டுப் போயிட்டாரு. உங்க வண்டியை அப்புறமாத்தான் பாப்பாராம், டீ குடிக்கப் போறாரு. ஏனுங்க, கோவிச்சுக்காம உங்க போனைச் சித்தெ குடுங்க. என்ற நம்பர்னா அவ எடுக்க மாட்டா. நம்பர் மனப்பாடமாத் தெரியும், நானே அமுக்கிக்கறேன்.

மணி அடிக்குது. எடுத்துட்டா! ருக்குமணி, நான்தான். வெச்சுறாதே, வெச்சுறாதே, ஒரு நிமிசம். எஃப்.சி. பாஸ் ஆயிருச்சு. ஆமா அம்மிணி, லைட்டு எரியுது. ரெண்டும் எரியுது. நீ எப்படி இருக்கற? சாப்பிட்டயா? அவன் பக்கத்துலயா இருக்கறான்? குடு, நான் பேசறேன். நீ சொல்லச் சொன்னதைத்தான் பேசப் போறேன், குடு.

சென்னியப்பா, கை எப்படிறா இருக்குது? ம். ம். எர்த்துதான். ஆமா, அதே எடந்தான். இங்க ஒரு அண்ணன் சுரண்டிக் குடுத்தாரு, எரிஞ்சுருச்சு. என்னது? சத்தமாச் சொல்லு.

கேட்டுக்குங்க, நான் ஒண்ணும் சொல்லலை, அவனாவே சொல்றான். "அப்ப அன்னைக்கு நான்தான் சரியாச் சுரண்டாம விட்டிருக்கறேன் மாமா. நான் விழுந்தது போவட்டும், உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்? என்ற தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க"ங்கறான். அழுவறானுங்க.

இருக்கறேன்டா. இங்கதான் இருக்கறேன்.

சென்னியப்பா, இங்க பாரு. அன்னைக்கு நீ... ம். ஒண்ணுமில்லை. விடு. அழுவாதேடா. தப்புங்கறது எல்லாருக்கும் வர்றதுதான். நான் மன்னிச்சுட்டேன். ஸ்டாண்டுலயும் சொல்லிப்போடறேன், பையன் தப்பை ஒத்துக்கிட்டான், இனிமே நம்பி வேலை குடுக்கலாம்னு. சரியா? அக்காகிட்டக் குடு.

ருக்குமணி, கேட்டயா? ஆமா, பேசிட்டேன். சொல்லிட்டேன் அம்மிணி. அவன் அழுவறானா? ஆமா, அழுதான். என்ன சொன்னனா? மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். நீ கேட்டதுக்கு மேலயே சொல்லிட்டேன். சாயங்காலம் வண்டியைக் கொண்டாரட்டுமா? துணிமணியை எடுத்து வெச்சுக்க. ருக்குமணி? ஹலோ? ஹலோ?

கட்டாயிருச்சுங்க. இந்த கிரவுண்டுல டவர் சரியில்லையாட்ட இருக்குது. இன்னொருக்கா போட்டுப் பாக்கறேன், இருங்க.

சுவிட்ச் ஆஃப்னு வருது. சார்ஜ் போட மறந்திருப்பா.